குடல் அழற்சி நோயாளி ஏற்காட்டில் நடக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன்; ஆறு மாதமாக ரத்தப்போக்கு இல்லை. குடல் அழற்சி நோயாளிகளின் சிகிச்சைக்கு நிதி திரட்ட மே 19 அன்று ஏற்காடு ஏரியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் நடைப்பயணம் நடத்துகிறார்கள். நடந்தால் நோய் திரும்பிவிடும் என்று அம்மா தடுக்கிறார். போகலாமா? முன்னெச்சரிக்கையாக வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை போட்டுக்கொள்ளலாமா? கட்டணத்தை நம்பிக் கட்டலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆறு மாதமாக நோய் அடங்கியிருப்பவருக்கு இந்த நடை கெடுதல் செய்யாது. களைப்புக்கும் எலும்புக்கும் நல்லதுதான். நான் சொன்னதாகவே அம்மாவிடம் சொல்லுங்கள். எனக்குக் கவலை நடையைப் பற்றியல்ல, அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் வாயில் போட்டுக்கொள்ளப் போவதைப் பற்றி.

நீங்கள் கேட்ட மாத்திரை லோபரமைடு. ரத்தம் போகும் நேரத்தில் அதை விழுங்கினால் பெருங்குடல் இயக்கம் நின்று உப்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். நன்றாக இருக்கும்போது அது எதற்கு? இதைவிட மோசம் கால்வலி மாத்திரை. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று மருந்துக்கடையில் போய் நின்றால், மருந்துச் சீட்டு கேட்காமலேயே டைக்லோஃபெனாக் கலந்த மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அடங்கிய கோலைட்டிஸை மறுபடி கிளப்பிவிடக்கூடிய மருந்து அது. பாராசிட்டமால் போதும். அதிலும் வேறெதுவும் சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். தாகத்துக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் நல்லது. ஓஆர்எஸ் என்ற பெயரைத் தாங்கி வந்த இனிப்புப் பானங்கள் வேறு சரக்கு. அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிடவே 2025 அக்டோபர் ஆகிவிட்டது.

ஒரு விலக்கு உண்டு. நீங்கள் சாப்பிடுவது எந்த மாத்திரை என்று எழுதவில்லை. குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் என்றால் கவலையே இல்லை. பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு என்றால், நடைப்பயண நாளென்று ஒரு வேளைகூட விடக் கூடாது. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவரின் உடல், தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் விட்டுவிடும். அந்த நிலையில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். மருத்துவர் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். இந்த மருந்தால் புகைப்படத்தில் முகம் உப்பித் தெரிகிறது என்று தாமாகவே நிறுத்திவிட்டு என்னிடம் வந்து படுத்தவர்கள் உண்டு. ஸ்டீராய்டு எலும்பையும் மெலியச் செய்யும் என்பதால், அதைச் சாப்பிடுபவர்கள் சரிவில் நிதானமாக இறங்க வேண்டும். ஸ்டீராய்டு அளவைக் குறைத்துக்கொண்டு வரும் நாட்களில் இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் பஸ் ஏறவே வேண்டாம்.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. இத்தகைய கூட்டங்களின் ஓரத்தில் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். "குடல் புண்ணுக்கு நிரந்தரத் தீர்வு, இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிடலாம்" என்பார். என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத பொடி பத்து நாளில் அற்புதம் செய்கிறதென்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். இந்த நோயை வேரோடு அறுக்கும் மருந்து இன்றுவரை எந்த முறையிலும் இல்லை. அவர் நீட்டும் நோட்டில் பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டால் பிறகு தொலைபேசி ஓயாது. பதிவுப் படிவத்திலும் நோய் விவரம் கேட்டால், அதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

கழிப்பறைக்கு வருவோம். சேலத்து வெயிலுக்குத் தப்பி ஊரே மலையேறும் மாதம் மே. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அவசரம் என்றால் இறங்க இடமிருக்காது. முந்தின நாளே போய்த் தங்குங்கள். அதிகாலையில் எழுந்து, கொஞ்சம் சாப்பிட்டு, வயிற்றைக் காலி செய்துகொள்ளுங்கள். ஏற்காட்டுக் காபியை நடந்து முடித்த பிறகு குடிக்கலாம். வழியில் எத்தனை கழிப்பறை, அவை காலை ஆறு மணிக்குத் திறந்திருக்குமா என்று நடத்துபவர்களைக் கேளுங்கள். கொடியசைக்க வருபவரின் படம் நோட்டீசில் பெரிதாக இருக்கும். கழிப்பறை இருக்குமிடம் இருக்காது. குடல் நோயாளிகளுக்காக நடத்தும் நடையிலேயே இந்த லட்சணம்! மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் இந்த நோய் இல்லை. பிறகு யார் கேட்பார்கள்?

கட்டணத்தை அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு மட்டும் செலுத்தி ரசீது வாங்குங்கள். ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிக்கொள்பவரின் சொந்தக் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பாதீர்கள். டி-ஷர்ட்டுக்கும் சிற்றுண்டிக்கும் போக நோயாளிகளுக்கு எவ்வளவு சேரும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் பதிவு செய்யாதீர்கள்.