கரையெல்லாம் கண் இருந்த காலம்

கேள்வி: அக்கா, கீழக்கரைக்குப் பக்கத்தில் கடலோர ஊர் எங்களுடையது. 11 வருடமாக ஓமானில் வேலை பார்க்கிறேன். இப்போது 2 மாத லீவில் வந்திருக்கிறேன். மகனுக்கு 10 வயது, மகளுக்கு 8. மகன் வயதில் நான் ஸ்கூல் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டுப் போனால், அந்தித் தொழுகைக்கு அழைக்கிற மஃரிபு பாங்கு கேட்டுத்தான் வீடு திரும்புவேன். நுங்கு வண்டி, கிட்டிப்புள், கரையில் சுட்டுத் தின்ற கணவாய்... ஒருமுறை மீன்பிடி வல்லத்தில் ஒளிந்துகொண்டு, கடலுக்குள் இருக்கிற ‘அப்பா தீவு’ வரைக்கும் போயிருக்கிறேன். ‘எங்கேடா போனே’ என்று உம்மா கேட்டதே இல்லை. என் மகனோ செல்போனும் கையுமாகக் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. போன மாதம் கண்ணாடியும் போட்டாயிற்று. ‘கடல் பக்கம் போய் விளையாடு’ என்றால் மனைவி என்னோடு சண்டைக்கு நிற்கிறாள். நான் வளர்ந்த மாதிரி இவனை வளர்க்க என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, கணவாய் சுட்ட வாசம் இங்கே வரைக்கும் அடித்தது. நானும் கடற்கரைக்காரிதான், தேவிபட்டினம் பக்கம். அந்த உரிமையில் கொஞ்சம் கடிந்தும் பேசுவேன்.

உம்மா ஏன் கேட்கவில்லை தெரியுமா? கேட்கத் தேவையே இருந்திருக்காது. வீட்டிலிருந்து கரைக்குப் போகிற வழியில் எத்தனை திண்ணை என்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஓலைப்பெட்டி முடைந்தபடி ஒரு மாமியோ பெரியம்மாவோ இருந்திருப்பார். கரையில் வலை பொத்திக்கொண்டு நாலு பேர். இடுப்புத் தண்ணீரைத் தாண்டினால் ‘டேய், யாரு மகன்டா நீ?’ என்று ஒரு சத்தம் வந்திருக்கும். அப்பா தீவுக்குப் போன சங்கதியும், நீங்கள் வீடு வருவதற்குள் உம்மா காதுக்கு வந்திருக்கும். அன்று அடி விழுந்ததா இல்லையா என்பதை மட்டும் கடிதத்தில் காணோம்!

அதோடு, நீங்கள் தனியாகவா திரிந்தீர்கள்? 13, 14 வயது அண்ணன்மார் முன்னால் போக, நண்டு சிண்டுகள் பின்னால் ஓடும். திருக்கை கிடக்கிற மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் நினைவிருக்காது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் உங்கள் தென்கடலில் (மன்னார் வளைகுடா) இறங்கக் கூடாது, வாடைக் காலத்தில் அதே கடல் ஊருணி மாதிரி கிடக்கும் என்பதும் அப்படி வந்த படிப்புதான். (தேவிபட்டினம் பக்கத்து எங்கள் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், இது அப்படியே தலைகீழ்.) உங்கள் மகனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு இரண்டு பிள்ளை, அவர்களும் ஆளுக்கொரு டியூஷன் என்றான பிறகு அந்தக் கூட்டம் எங்கே சேரும்? திடீரென்று ‘போடா கடலுக்கு’ என்றால், நீச்சல் தெரியாதவனைத் தள்ளிவிடுகிற கதைதான்.

செல்போன் மேல் முழுப் பழியையும் போடாதீர்கள். இங்கிலாந்தில் ஒரு கணக்கு எடுத்தார்கள். 7, 8 வயதுப் பிள்ளைகளில் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனவர்கள் 1971-இல் 80 சதவீதம், 1990-இல் 9 சதவீதம். அப்போது எந்தப் பிள்ளை கையில் செல்போன் இருந்தது? பெற்றோர் முதலில் சொன்ன காரணம், சாலையில் ஓடும் வண்டிகள். நம் பக்கமும் ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் பறக்கிற வேகத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைக் குறுக்கே கடந்து பிள்ளை விளையாடப் போக வேண்டுமென்றால் எனக்கும் வயிற்றைக் கலக்கும்.

இன்னொன்று. என்னோடு நாலாம் வகுப்பில் படித்த பையன் ஒருவன், ஐப்பசி மழைக்கு நிரம்பிய ஊருணியில் இறங்கினான். மறுநாள்தான் எடுத்தார்கள். ‘அந்தக் காலத்தில் நாங்களெல்லாம்...’ என்று பேச்சு ஆரம்பித்தால் எங்களில் ஒருவரும் அவனைச் சேர்ப்பதில்லை. உங்கள் மனைவி அவனைப் போன்ற ஒருவனை நினைத்துத்தான் சண்டைக்கு நிற்கிறார். 11 வருடமாக நீங்கள் அக்கரையில். பிள்ளைக்கு ஒரு கீறல் விழுந்தாலும் கேள்வி கேட்க ஊரே வரும், பதில் சொல்ல அவர் ஒருத்திதான் இருக்கிறார். லீவு முடிந்து நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? 2 மாதமும் மாலையில் நீங்களே கரைக்கு வாருங்கள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அலைய வேண்டாம். வல்லத்து நிழலில் உட்கார்ந்திருங்கள், உங்கள் காலத்து மாமன்மார் மாதிரி. பெரியப்பா, சின்னம்மா பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேரைச் சேருங்கள். அதில் இரண்டு பேராவது பெரிய பையன்களாக இருக்கட்டும். நீங்கள் போன பிறகு உட்கார, முறை வைத்து நாலு வீட்டாரிடம் இப்போதே பேசிவிடுங்கள். நீச்சலை நீங்களே சொல்லிக்கொடுங்கள், கச்சான் அடங்கிய விடிகாலையாகப் பார்த்து. அடங்காவிட்டால் தண்ணீரே வேண்டாம், மணலில் கிட்டி ஆடட்டும். அப்பா தீவை மட்டும் மறந்துவிடுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. நீங்கள் ஒளிந்து போனபோதும் சட்டம் இருந்தது, தம்பி!

மனைவியிடம் கண்ணாடியைக் காட்டிப் பேசினால் கேட்பார். தைவான் பள்ளிகளில் 2010 முதல் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியில் விடச் சொல்கிறார்கள். வெளி வெளிச்சம் பட்டால், கண்விழி நீண்டு கிட்டப்பார்வை வருவது குறைகிறது. வந்துவிட்ட பவர் இறங்காது. புதிதாக வருவதைத் தள்ளிப்போடலாம், ஏறுகிற வேகமும் கொஞ்சம் மட்டுப்படலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன.

கடைசியாக, கடிந்து பேச வேண்டியது. கடிதம் முழுக்க மகன், மகன். மகளுக்கு 8 வயது என்பதைத் தவிர அவளைப் பற்றி ஒரு வரி இல்லை. நீங்கள் கரையில் திரிந்த நாளில் உங்கள் அக்கா தங்கைகள் எங்கே இருந்தார்கள்? என் பன்னிரண்டாவது வயதில், ‘இனிமே கரைக்குப் போகக் கூடாது’ என்றார்கள். அதன் பிறகு கல்யாணம் வரைக்கும் நான் கடலைப் பார்த்தது அடுப்படி ஜன்னல் வழியாகத்தான். அவளுக்கு இன்னும் நாலு வருடமாவது இருக்கிறது, அதற்கப்புறமும் ஏன் நிறுத்த வேண்டும்?

உங்கள் கரையில் பவளக் கல் காலைக் கிழிக்கும். நாளைக்கே கீழக்கரைக் கடைத்தெருவுக்குப் போய், தண்ணீரில் கழன்று போகாத வார் வைத்த செருப்பாகப் பார்த்து இரண்டு ஜோடி வாங்குங்கள். சின்னதும் ஒன்று.