டிக் வெல்டிங் டார்ச்சுக்குத் தண்ணீர் ஓட்டுவது எப்படி?

கேள்வி: அலுமினியத் தொட்டிகளுக்கு ஏசி மின்சாரத்தில் டிக் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் போடும்) வெல்டிங் செய்கிறேன். 180 ஆம்பியரில் 17ஆம் நம்பர் டார்ச் கையில் பிடிக்க முடியாமல் சுடுகிறது. வாட்டர் கூல் (தண்ணீரில் ஆறும்) டார்ச் வாங்கி, ஏர் கூலர் பம்ப்பை வாளியில் போட்டு ஓட்டலாமா? – கோவை வாசகர்

பதில்: டார்ச்சை மாற்றுங்கள். 17 என்பது காற்றில் ஆறும் டார்ச். டிசி-யிலேயே அதற்கு 150 ஆம்பியர்தான், ஏசி-யில் இன்னும் குறைவு. 250 ஆம்பியர் தாங்கும் 20ஆம் நம்பர் டார்ச் கைக்கும் அடக்கமாக இருக்கும்.

ஏர் கூலர் பம்ப் மட்டும் வேண்டாம். தண்ணீரை ஐந்தாறு அடி உயர்த்துவதற்குத்தான் அதற்குத் தெம்பு. உங்களுக்கோ நாலு மீட்டர் மெல்லிய ஹோஸ், டார்ச் தலைக்குள் குறுகிய வழி, மறுபடி நாலு மீட்டர் என்று இத்தனையும் கடந்து நிமிடத்துக்கு ஒரு லிட்டராவது வந்து சேர வேண்டும். திரும்பி வரும் ஹோஸைக் கொஞ்சம் கவனியுங்கள்: பவர் கேபிளின் செம்புக் கம்பி அதற்குள்ளேதான் இருக்கிறது. சுற்றிலும் தண்ணீர் ஓடும் என்று நம்பித்தான் அதை அவ்வளவு மெல்லிசாகப் போட்டிருக்கிறார்கள். ஓட்டம் நின்றால் ஹோஸ் உருகிவிடும். அதனால் ஃப்ளோ ஸ்விட்ச் போட்டு, தண்ணீர் நின்றதும் மெஷினும் நிற்கும்படி இணைத்துவிடுங்கள். இந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பேட்டரி ஸ்பிரேயரில் வரும் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் போதும். நாள் முழுக்க வேலை என்றால் வேன் (vane) பம்ப் நல்லது. ஸ்பிரேயர் பம்ப்பின் அழுத்தம் டார்ச் தாங்கும் 3.5 பாரைத் தாண்டிவிடும். பம்ப் வாயில் ஒரு T வடிவ இணைப்பு, அழுத்தம் காட்டும் கேஜ், 3 பாரில் திறக்கும் ரிலீஃப் வால்வு வைத்து, மிகுதித் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்புங்கள். பம்ப்பிலிருந்து வரும் தண்ணீர் முதலில் டார்ச் தலைக்கும், பிறகு பவர் கேபிளுக்கும் போக வேண்டும். மாற்றி மாட்டினால் கேபிளில் சூடேறிய தண்ணீர்தான் தலைக்குப் போய்ச் சேரும்.

ஆர்க் போடுவதற்கு முன் ரிட்டர்ன் முனையை லிட்டர் குவளையில் விட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் குவளை நிறைய வேண்டும்.

கேள்வி: போர் தண்ணீர் ஊற்றலாமா? ரேடியேட்டர் தேவையா?

பதில்: போர் தண்ணீர் கூடவே கூடாது. டார்ச் தலைக்குள் உப்புப் படிந்து அடைக்கும். தண்ணீர் வழியே, ஆர்க்கைப் பற்றவைக்கும் ஹை ஃப்ரீக்வென்சி மின்சாரம் கசிந்து ஆர்க் பிடிக்கவும் தகராறு செய்யும். கார் கூலன்ட்டும் அப்படித்தான். டிஸ்டில்டு வாட்டர் 20 லிட்டர் ஊற்றுங்கள். ஊட்டி மாதிரி உறைபனி விழும் ஊரானால் டிக் டார்ச்சுக்கென்றே விற்கும் கூலன்ட் வேண்டும். வெளிச்சம் புகாத பிளாஸ்டிக் தொட்டி என்றால் பாசி பிடிக்காது.

விட்டுவிட்டுச் செய்யும் வேலைக்கு 20 லிட்டரே சூட்டை வாங்கிக்கொள்ளும். தொடர் வேலைக்குப் பழைய ஏர் கண்டிஷனரின் செம்புக் குழாய்க் காயிலும் ஒரு ஃபேனும் போதும். பைக்கின் அலுமினிய ரேடியேட்டர் செம்போடு சேர்ந்தால் அரித்துவிடும். ஐஸ் போடாதீர்கள், டார்ச்சுக்குள் வியர்த்து, அந்த ஈரம் வெல்டில் துளைத் துளையாகத் தெரியும்.

வெல்டைக் காக்கும் கேஸ் சரியாக வந்தும் டங்ஸ்டன் முனை கறுத்தால் டார்ச் உள்ளே ஒழுகுகிறதா என்று பாருங்கள். மெஷினை அணைத்து, பம்ப்பை மட்டும் ஐந்து நிமிடம் ஓட்டி, கேஸ் வெளிவரும் கப் வாயில் டிஷ்யூ பேப்பரை ஒற்றி எடுங்கள். நனைந்தால் டார்ச் தலையை மாற்றத்தான் வேண்டும்.