ஓரமாக நிற்கும் பையன்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. அவனுடைய பள்ளியில் பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒருவன் நீச்சல், ஒருவன் கால்பந்து, இன்னொருவன் ஜூடோ என்று இருக்க, இவன் மட்டும் தோளில் பையோடு மைதான ஓரத்தில் நிற்கிறான். 11 வயதுவரை வீட்டுக்குள் நிற்காமல் ஓடியவன். "நம்ம பிள்ளைகளுக்குப் படிப்புதான் வரும், விளையாட்டு ரத்தத்திலேயே கிடையாது" என்கிறார் என் கணவர். அது உண்மையா?

பதில்: உண்மையில்லை அம்மா. அந்தப் பேச்சை முதலில் வீட்டில் நிறுத்துங்கள். அது அவன் காதிலும் விழுகிறது.

11 முதல் 17 வயதுவரை உள்ள மாணவர்களைப் பற்றி, 146 நாடுகளின் தகவல்களைத் திரட்டி உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தினமும் 60 நிமிடம் உடலுழைப்போ விளையாட்டோ இல்லாத பையன்கள் 2016-இல் ஏறக்குறைய 78 சதவீதம். அதாவது, உங்கள் மகன் பெரும்பான்மையில் ஒருவன். பிலிப்பைன்ஸில் இது 93 சதவீதம், வங்கதேசத்தில் 63. வங்கதேசத்திலும் இந்தியாவிலும் பையன்கள் ஓரளவு தேவலை என்பதற்கு, யாரும் ஏற்பாடு செய்யாமல் தாங்களே கூடி ஆடும் கிரிக்கெட் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். அமெரிக்கப் பையன்களுக்குப் பள்ளியின் உடற்பயிற்சி வகுப்பும் விளையாட்டுக் கிளப்புகளும். இரண்டிலும் ரத்தம் எங்கே வந்தது? கூட ஆட ஆள் இருந்தது, நேரம் இருந்தது.

பண்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். பள்ளி விட்டதும் பையன் புத்தகத்தை எடுக்கிறானா, பந்தை எடுக்கிறானா என்பது வீட்டுப் பழக்கம். எல்லார் முன்னாலும் சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டே நீச்சலை விட்ட பையன்கள் உண்டு. நாம் அதைச் சோம்பல் என்று நினைத்துவிடுகிறோம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "11 வயதுவரை" என்ற சொல்தான். அந்த வயதுக்குப் பிறகுதான் விளையாட்டு, 'அணித் தேர்வு' ஆகிவிடுகிறது. ஒரே வகுப்பில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் இருப்பவன் இன்னும் சிறு பிள்ளையாக இருப்பான். பருவ வளர்ச்சி இரண்டு மூன்று வருடம் முன்பின்னாக வருவது இயல்பு. முந்தி வளர்ந்தவன் அணியில் சேருகிறான். பிந்தியவன் இரண்டு தடவை பெயர் வராமல் போனதும் பையை மாட்டிக்கொண்டு ஓரமாக நின்றுவிடுகிறான். உங்கள் மகனும் அப்படி நிற்கிறானா என்று யோசித்துப் பாருங்கள்.

அவனிடம், "ஏன் விளையாடவில்லை?" என்று கேட்காதீர்கள். "யாரோடு இருந்தால் உனக்குப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். அந்த ஒரு நண்பனோடு சைக்கிள், பேட்மிண்டன், மலையேற்றம் எதுவானாலும் சரி. 60 நிமிடமும் ஒரே மூச்சில் வேண்டியதில்லை. பள்ளிக்கு வேகமாக நடந்து போவதும் கணக்கில் சேரும். வாரத்தில் 3 நாளாவது மூச்சு வாங்கும்படியும், தசைக்கும் எலும்புக்கும் வேலை கொடுக்கும்படியும் இருக்கட்டும். தேர்வு நெருங்கும்போது முதலில் இந்த நேரத்தில் கை வைக்காதீர்கள்.

உங்கள் கணவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. வாரம் ஒரு மாலை அவனோடு பந்து போடட்டும். கற்றுக்கொடுக்க வேண்டாம், தப்பைத் திருத்த வேண்டாம். சும்மா ஆடினால் போதும்.

ஓட ஆரம்பித்தபின் முழங்கால் சில்லுக்குக் கீழே வலிக்கிறது என்று சொன்னால் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். வேகமாக வளரும் வயதில் அது வரக்கூடியதுதான். மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, வலி தணியும்வரை குதிப்பதை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள்.