மாப்பிள்ளை திருந்துவாரா?

அன்புள்ள ஐயா,

என் தங்கையை அவள் கணவர் கல்யாணமான நாளிலிருந்து அடிக்கிறார். போன மாதம் அப்பா போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். “கோபம் வந்தால் என்னையே மறந்துவிடுகிறேன், கவுன்சிலிங் போகிறேன், அனுப்பிவையுங்கள்” என்று மாப்பிள்ளை கெஞ்சுகிறார். வெளிநாட்டில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே வகுப்பு நடத்துகிறார்களாமே, அதில் ஆள் திருந்துவாரா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கை உங்களோடு இருப்பது ஆறுதல். அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள்.

ஆபீசில் மேனேஜர் திட்டும்போது மாப்பிள்ளை தன்னை மறப்பதில்லையே? தங்கையிடம் கேட்டுப்பாருங்கள்: ஏடிஎம் கார்டு யாரிடம் இருந்தது? அம்மாவிடம் பேசும்போது போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னாரா? அப்படியென்றால் இது கோபம் அல்ல, அவளைத் தன் பிடியில் வைத்திருக்கும் வழி.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் 1981இல் தொடங்கிய திட்டம்தான் நீங்கள் கேள்விப்பட்ட வகுப்புகள் பலவற்றுக்கு முன்மாதிரி. அடிபட்ட பெண்கள் சொன்னதைக் கேட்டு ஒரு சக்கரப்படம் வரைந்தார்கள். நடுவில் அதிகாரமும் கட்டுப்பாடும். சுற்றிலும் மிரட்டுவது, பணத்தை முடக்குவது, சொந்தபந்தத்தை அண்டவிடாதது, பிள்ளைகளை வைத்து மடக்குவது. வகுப்புக்கு வரும் ஆண் ஒரு தாளை நிரப்ப வேண்டும். என்ன செய்தாய், அதைச் செய்து அவளிடம் எதைச் சாதிக்க நினைத்தாய், பழியை எப்படி அவள்மேல் போட்டாய், அவளுக்கு என்ன ஆனது? இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் எழுதாதவரை ஒருவர் மாறத் தொடங்கவே இல்லை என்பேன்.

அங்கேயும் வகுப்பை மட்டும் நம்பவில்லை. போலீசும் நீதிமன்றமும் பெண்களுக்கான காப்பகமும் சேர்ந்து வேலை செய்தன. அப்படியும் ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. சிலர் மாறுகிறார்கள், பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். அதனால் திருந்துவார் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

நம் ஊரில் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். பெண்கள் உதவி எண்ணான 181க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவு போடலாம், அதை மீறினால் ஓராண்டு வரை சிறை. கவுன்சிலிங்குக்கும் அவரே உத்தரவிடலாம். ஆனால் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைக்க இப்போது ஒத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் அவர் இருக்கும்போது தங்கை எதைச் சொல்ல முடியும்? சொன்னாலும் வீட்டுக்குப் போய் அதற்கும் சேர்த்து அடிபடுவாள்.

மாற வேண்டும் என்று அவர் நிஜமாகவே நினைத்தால், தங்கை உங்கள் வீட்டில் இருக்கும்போதே கவுன்சிலிங் போகலாமே. அவரிடம் திரும்பிப் போவதா வேண்டாமா என்பதை அப்பாவோ நீங்களோ தீர்மானிக்க வேண்டாம். தங்கை சொல்லட்டும்.