அமாவாசை இரவும் ஓத அட்டவணையும்

பாறைக் கடற்கரையைப் படமெடுப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

பத்து ஸ்டாப் என்.டி. ஃபில்டர் (லென்ஸுக்குள் போகும் ஒளியைக் குறைக்கும் கறுத்த கண்ணாடி) வாங்கினேன். கடல் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. அலை பாறையில் மோதிய வேகமே படத்தில் இல்லை. எங்கே பிசகுகிறது?

ஃபில்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும். பத்து ஸ்டாப் என்றால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். 1/30 நொடியில் எடுக்க வேண்டிய காட்சிக்கு 30 நொடிக்கு மேல் பிடிக்கும். அதற்குள் அலை மூன்று நான்கு தடவை வந்து போய்விடும். ஒன்றின் தடத்தை அடுத்தது அழித்து, கடைசியில் வெண்மை மட்டும் மிஞ்சும். தூரத்தில் ஒற்றைப் பாறை நிற்கும் காட்சிக்கும், மேகம் ஓடும் வானத்துக்கும் அது அழகுதான். காலடியில் அலை உடையும் முரட்டுக் கரைக்கு அது ஒத்துவராது.

அங்கே எனக்குப் பிடித்தது அரை நொடியிலிருந்து இரண்டு நொடி வரை. அதற்கு ஆறு ஸ்டாப் ஃபில்டர் போதும். அது ஒளியை 64 மடங்கு குறைக்கும், அதாவது 1/60 நொடி ஒரு நொடியாகும். சூரியன் மறைந்தபின் ஃபில்டரே வேண்டியிருக்காது. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளை எஃப்/11 என்று வைத்தாலே அரை நொடி தானாக வந்துவிடும்.

அதைவிட முக்கியம் எப்போது அழுத்துகிறீர்கள் என்பது. அலை மோதும்போது அழுத்தினால் வெண்புகைதான் கிடைக்கும். மோதி முடித்து, தண்ணீர் திரும்பத் தொடங்கும் கணத்தில் அழுத்துங்கள். பாறை இடுக்குகள் வழியே நுரை வழிந்து இறங்கும்போது அந்தத் தடங்கள் கோடுகளாகப் பதியும். தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது, பாறை அதை எப்படிப் பிரிக்கிறது என்பதெல்லாம் அந்தக் கோடுகளில் தெரியும். நீண்ட எக்ஸ்போஷர் (ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்பது) என்றாலே கடலை மழமழவென்று ஆக்குவது என்று பலர் நினைப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. தண்ணீரின் ஓட்டத்தைக் காட்டுவதற்குத்தான் எனக்கு அது தேவைப்படுகிறது.

பால்வீதியையும் பாறைகளையும் சேர்த்து எடுக்க அமாவாசையாகப் பார்த்துப் போகிறோம். ஒவ்வொரு முறையும் நாங்கள் குறிவைத்த பாறை தண்ணீருக்குள் கிடக்கிறது. எங்கள் நேரம் அப்படியா?

உங்கள் நேரம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. வானம் இருட்டாக இருக்கட்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கும் அதே நாட்களில்தான் சூரியனும் நிலவும் ஒரே திசையில் நின்று கடலை இழுக்கின்றன. அமாவாசையை ஒட்டிய ஓரிரு நாட்களில் கடல் மிக உயரமாக ஏறும், மிகத் தாழ்வாக இறங்கும். மற்ற நாட்களில் காலடி நனையாமல் நின்ற இடம் அன்று முழுகிப் போகலாம். மற்ற நாட்களில் தெரியாத பாறைத்தளம் அன்று வெளியே வந்து கிடக்கவும் செய்யும். இரண்டில் எது உங்களுக்குக் கிடைக்கும் என்பதை நீங்கள் போய்ச் சேரும் மணி தீர்மானிக்கும்.

இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறி இறங்கும் கரைகளில், அமாவாசையை ஒட்டிய தாழ் ஓதம் (கடல் முழுதாக இறங்கி நிற்கும் நேரம்) ஏறத்தாழ ஒரே மணிக்குத்தான் வரும். உங்கள் கரையில் இந்த அமாவாசைக்கு மாலை 6 மணிக்குத் தாழ் ஓதம் என்றால், அடுத்த அமாவாசைக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு தாழ் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். ஆக நள்ளிரவில் கடல் உச்சியில் நிற்கும். எத்தனை அமாவாசைக்குப் போனாலும் நள்ளிரவில் உங்கள் பாறை தண்ணீருக்குள்தான்.

வழி இருக்கிறது. ஓதம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசைக்கு மூன்று நாள் கழித்துப் போங்கள். தாழ் ஓதம் இரவு எட்டரை மணி வாக்கில் வரும். மெல்லிய பிறையும் ஏறத்தாழ அதே நேரத்தில் மறையும், ஏனென்றால் நிலவும் அதே கணக்கில்தான் தள்ளிப் போகிறது. பிறை மறையும்வரை அதன் வெளிச்சம் பாறைகளுக்கு மெல்லிய உருவம் கொடுக்கும். மறைந்தபின் வானம் முழுதும் உங்களுக்கு. நான் அமாவாசை இரவைவிட இந்த இரவுகளையே தேடிப் போகிறேன்.

வான் பக்கம்: பால்வீதியின் மையம் தனுசு, விருச்சிகம் இருக்கும் திசையில் உள்ளது. பொதுவாக மார்ச்சில் விடியலுக்கு முன்னும், ஜூன் - ஜூலையில் இரவின் பெரும்பகுதியும், செப்டம்பர் - அக்டோபரில் இருட்டிய கையோடும் தெரியும். மேலே சொன்ன எட்டரை மணிக் கணக்கு இந்தக் கடைசி மாதங்களுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். பூமியின் வடபாதியில் இருப்பவர்களுக்கு மையம் தெற்கு வானில் நிற்கும், அதனால் தெற்கு பார்த்த கரை வசதி. தென்பாதியில் அது தலைக்கு மேலேயே ஏறிவிடும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கிய பிறகுதான் வானம் முழுதாக இருளும். அதற்கு முன் அவசரப்பட வேண்டாம்.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பகலிலேயே போய் இடத்தைப் பாருங்கள். பாறையில் கொட்டலசுகள் (பாறையோடு ஒட்டி வாழும் சிறிய ஓட்டு உயிர்கள்) ஒட்டியிருக்கும் மேல்கோடு எங்கே முடிகிறதோ, தண்ணீர் வழக்கமாக அதுவரை வரும். வழுக்கும் கருப்புப் படலம் எங்கே இருக்கிறது, திரும்பி வரும் வழியை ஏறும் தண்ணீர் எந்த இடத்தில் அடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இரவில் இறங்கும் முன் இருபது நிமிடமாவது அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவில் கடல் அமைதியாக இருப்பதுபோலத் தோன்றும். அந்த அமைதியை நம்பி இறங்காதீர்கள். கடலுக்கு முதுகு காட்டி நின்று கேமராத் திரையைப் பார்க்காதீர்கள். தனியாகவும் போகாதீர்கள். அங்கே நின்றால்தான் படம் என்றால், அந்தப் படம் வேண்டாம்.

நட்சத்திரங்கள் கோடாக இழுபடுகின்றன. ஃபோகஸும் பிடிபடவில்லை.

பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது, அதனால் கோடு விழும். 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை நொடி திறந்து வைக்கலாம் என்று தெரியும் என்பது பழைய கணக்கு. 20 மி.மீ. லென்ஸுக்கு 25 நொடி வரும். கேமராவின் சென்சார் சிறியது (குவியத் தூரத்தை 1.5 ஆல் பெருக்கிக் கணக்கிட வேண்டியது) என்றால் 16 நொடிதான். இன்றைய நுணுக்கமான சென்சார்களுக்கு இந்தக் கணக்கு தாராளம் என்பது என் அபிப்பிராயம். 500க்குப் பதில் 300 போடுங்கள். 15 நொடி, எஃப்/2.8, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கி மாற்றிக்கொண்டே போகலாம்.

ஃபோகஸுக்கு லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். திரையில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை கையால் திருப்புங்கள். சரியானதும் வளையத்தின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

மாலை வெளிச்சத்தில் பாறையை எடுத்து, அதே இடத்தில் இரவில் எடுத்த வானத்தோடு சேர்ப்பது ஏமாற்று வேலை இல்லையா?

முக்காலியை நகர்த்தாமல், நீங்கள் பார்த்த வானத்தையே சேர்த்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கேமரா ஒரே எக்ஸ்போஷரில் இரண்டையும் நன்றாகப் பிடிக்காது, நட்சத்திர வெளிச்சத்தில் கறுத்த பாறை கறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் படத்தின் கீழே அதை எழுதுங்கள். வடக்கு நோக்கிய கரைக்கு மேல் தெற்கு வானத்தைக் கொண்டுவந்து ஒட்டுவது வேறு விஷயம். இடத்தை அறிந்தவர்களுக்கு அது உடனே தெரியும். தெரியாவிட்டாலும் நான் செய்ய மாட்டேன்.

ஒட்டாமலேயும் செய்யலாம். ஒரே அமைப்பில் 16 படங்கள் எடுத்து, தரைப் பகுதியைச் சராசரி எடுத்தால் இரைச்சல் புள்ளிகள் (இருட்டில் எடுத்த படத்தில் மணல் போலத் தெரிபவை) கால் பங்காகக் குறையும். கூடவே கடலும் தானாக மென்மையாகிவிடும், ஃபில்டர் இல்லாத நீண்ட எக்ஸ்போஷர் போல. வானத்துக்கு மட்டும் நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சேர்க்க வேண்டும்.

செல்போனில் முடியுமா?

முடியும், முக்காலியில் நிறுத்தினால். கூகுள் பிக்சல் 4 வந்த 2019 முதலே, பல படங்களைச் சேர்த்து நான்கு நிமிட இரவு வானத்தை எடுக்கும் வசதி செல்போனில் இருக்கிறது. கடல் மட்டும் எப்போதும் பனிப்புகை போலத்தான் வரும். அலையின் கோடுகள் வேண்டுமென்றால் கேமராதான்.

லென்ஸில் உப்பு படிகிறது. துணியால் துடைத்தால் போதுமா?

உலர்ந்த துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள், உப்புப் படிகம் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி, அடுத்த துணியால் துடையுங்கள். முன்னால் ஒரு சாதாரண ஃபில்டர் மாட்டிவைத்தால் அடி அதற்குத்தான் விழும். முக்காலியின் கீழ்ப் பகுதிகளை முழுதாக நீட்டிவிட்டு, மேல் பகுதியால் உயரத்தைச் சரிசெய்யுங்கள். அப்போதுதான் பூட்டுகள் தண்ணீருக்கு மேலே இருக்கும். வீட்டுக்கு வந்த அன்றே கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். மறுநாளைக்கு என்று வைத்தால் திருகுகள் பிடித்துக்கொள்ளும்.