தந்தையின் கடமை சம்பாதிப்பதோடு முடிந்துவிடுகிறதா? குழந்தை வளர்ப்பைச் சரிபாதியாகப் பகிர வேண்டும் என்று அறவியல் அறிஞர்கள் யாராவது சொல்லியிருக்கிறார்களா?

சொல்லியிருக்கிறார்கள். நன்றாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விவரம்தான் என்னை எழுத உட்கார வைத்தது. மனைவிக்குப் பிரசவ விடுப்பு முடியப் போகிறது, வேலைக்குத் திரும்ப வேண்டும், வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக உங்கள் அம்மாவும் மாமியாரும் வேறு எதில் ஒத்துப்போகாவிட்டாலும் இதில் ஒரே பேச்சாக இருப்பார்கள். நீங்கள் ஏதாவது பேசினால், "பிள்ளையை நீயா பார்க்கப் போற?" என்று வாயை அடைத்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதேதான் நடந்தது.

முதலில் கேட்டதற்குப் பதில். சூசன் மோலர் ஓகின் என்று ஒருவர். 1946-ல் நியூசிலாந்தில் பிறந்து, அமெரிக்காவில் அரசியல் தத்துவப் பேராசிரியராக இருந்து, 2004-ல் இறந்துபோனார். நீதி, பாலினம், குடும்பம் ஆகிய மூன்றையும் சேர்த்து 1989-ல் ஒரு நூல் எழுதினார். அவருக்கு முன்னால் ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1971-ல் நீதியைப் பற்றி எழுதிய பெரிய நூலில் ஒரு யோசனை உண்டு. பணக்காரனாகப் பிறப்போமா ஏழையாகப் பிறப்போமா என்று தெரியாமல் உட்கார்ந்து சமூகத்துக்கு விதி எழுதினால், யாரையும் ரொம்ப நசுக்காத விதியாகத்தான் எழுதுவோம் என்பது அது. ஓகினுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. ஆனால் அப்படி உட்கார்ந்து விதி எழுதுகிறவர்களைக் குடும்பத் தலைவர்களாக நினைத்துக்கொண்டு, குடும்பத்துக்குள் எல்லாம் நியாயமாகத்தான் நடக்கும் என்று ரால்ஸ் மேலே போய்விட்டார் என்பது அவருடைய புகார். கணவனாகப் பிறப்போமா மனைவியாகப் பிறப்போமா என்று தெரியாவிட்டால், ராத்திரி பிள்ளை அழுதால் எழுந்திருப்பது யார் என்பதற்கு நீங்கள் என்ன விதி எழுதுவீர்கள்? அவர் வாதத்தை நான் இப்படித்தான் எனக்குள் வைத்திருக்கிறேன்.

ஓகின் இன்னொன்றும் சொன்னார். நியாயம் என்றால் என்னவென்று குழந்தை முதலில் பார்ப்பது வீட்டில்தான். அங்கே ஒருவர் உட்காரவும் ஒருவர் ஓடவும் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்கு, வெளியே போய் எல்லாரும் சமம் என்று யார் சொன்னாலும் ஏறாது. அதனால் பிள்ளை வளர்ப்பை இருவரும் சரிபாதி பகிர வேண்டும் என்றார். ஒருவர் வீட்டு வேலைக்காகச் சம்பள வேலையை விட்டிருந்தால், மற்றவரின் சம்பளத்தை முதலாளியே இரண்டாகப் பிரித்து இருவர் பெயரிலும் கொடுக்க வேண்டும் என்றுகூட எழுதினார். பிரிய நேர்ந்தாலும் இரண்டு வீட்டுக்கும் ஒரே வாழ்க்கைத்தரம் இருக்க வேண்டும் என்றார்.

அதே 1989-ல் சாரா ரட்டிக் என்ற தத்துவப் பேராசிரியர் தாய்மையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பிள்ளையைக் காப்பாற்றுவது, வளர்ப்பது, நாலு பேரோடு வாழப் பழக்குவது ஆகிய வேலைகளைச் செய்யச் செய்ய ஒரு தனி அறிவு உண்டாகிறது, செய்கிறவர் ஆணாக இருந்தாலும் அது வரும் என்பது அவர் கட்சி. இதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது.

எனக்குத் திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் ஜெராக்ஸ் கடை. மனைவி பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். நைட் டூட்டி வரும். மகள் பிறந்து அவள் வேலைக்குத் திரும்பியபோது பகலில் பிள்ளை கடையில் என்னோடு, பின்கட்டில் தொட்டில். ராத்திரி டூட்டி என்றால் வீட்டில் என்னோடு. அவள் எடுத்து வைத்துவிட்டுப் போன தாய்ப்பாலைப் பாலாடையில்தான், அதாவது பிள்ளைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில்தான், கொடுப்பேன். பாலாடை பிடிப்பது எளிது என்று நினைக்காதீர்கள். நுனியை வாயின் ஓரத்தில் வைத்து லேசாகச் சரிக்க வேண்டும். விழுங்கின சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த சரிவு. அவசரப்பட்டால் புரை ஏறிவிடும். என் மகள் பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள், நானும் பாலாடையை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன், அப்புறம் தானே வாயைத் திறப்பாள். அந்த இடைவெளி எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் அப்போது தெரியாது.

பக்கத்து வீட்டு அத்தை ஒரு நாள் வாசலில் நின்று, "ஏல, பிள்ளைக்குப் பீத்துணி அலசுதியே, ஆம்பளப் பய செய்ற வேலையால இது?" என்று கேட்டார். "எம் பிள்ளைதான அத்தை" என்றேன். அதற்குமேல் பேசவில்லை. பேசியிருந்தால் சண்டையாகியிருக்கும்.

என் மனதில் இன்றும் ஆறாமல் இருப்பது வேறு. மகளுக்கு ஒரு வயதையொட்டி வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். மனைவி அன்று டூட்டியில், மாற்ற ஆள் இல்லை. ராத்திரி ஆனதும் குழந்தைகள் வார்டில் ஆண்கள் இருக்கக் கூடாது என்றார்கள். "சார், பொம்பள ஆள் யாராவது வரச் சொல்லுங்க" என்று காவலாளி கிரில் கதவை இழுத்துவிட்டார். என் அம்மாவை வரவழைத்தேன். அம்மா உள்ளே, நான் கம்பிக்கு வெளியே. டாக்டர் வந்து, "கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போச்சு? எவ்வளவு போச்சு?" என்று கேட்டார். உடம்பில் நீர் வற்றுகிறதா என்பதற்கு முதலில் பார்ப்பதே அதைத்தானாம். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நான் வெளியிலிருந்து சத்தம் போட்டுச் சொன்னேன். மத்தியானத்துக்குப் பிறகு ஒரே தடவை, அதுவும் மஞ்சளாக, கொஞ்சம்தான். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டியில் கொடுத்தால் துப்புவாள், பாலாடையில் நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் குடிப்பாள் என்றும் சொன்னேன். டாக்டர் திரும்பிப் பார்த்து, "இவர் யாரு?" என்றார். பிள்ளையைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் வெளியே, தெரியாதவர் உள்ளே. இதை எந்தக் கணக்கில் நியாயம் என்பது?

வார்டில் பால் கொடுக்கும் தாய்மார் இருப்பார்கள், அவர்களுக்கு மறைவு வேண்டும் என்று இங்கே யாராவது எழுத வருவீர்கள். ஒப்புக்கொள்கிறேன், வேண்டும். என் மனைவியும் அந்த இடத்தில் இருந்தவள்தான். ஒரு தடுப்புத் திரை, அப்பாக்களுக்கு ஓரமாக ஒரு நாற்காலி, இவ்வளவுதான் நான் கேட்பது.

பிள்ளை வளர்ப்பில் சரிபாதி என்பதே மேல்நாட்டுச் சரக்கு, நம் ஊருக்கு ஆகாது என்பது அடுத்த பேச்சு. 'ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே' என்று புறநானூற்றை எடுத்துப் போடுவார்கள். பெற்று வளர்ப்பது என் கடன், சான்றோனாக்குவது அப்பாவின் கடன் என்று பொருள். பொன்முடியாரின் பாட்டு, 312. அது பிள்ளையைப் போருக்கு அனுப்பும் ஒரு தாயின் குரல். அந்தப் பாட்டிலேயே வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன் என்று வருகிறது, அதை மட்டும் யாரும் இன்றைக்குப் பின்பற்றச் சொல்வதில்லை. அதே தொகையில் 188-ஐயும் படியுங்கள். பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. குறுகுறுவென்று நடந்து வந்து, நெய்ச்சோற்றில் கையை விட்டு, துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எழுதியிருக்கிறார். ராஜா பிள்ளைக்குத் துணி அலசினார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிள்ளை சாப்பிடும் இடத்தில் அப்பா இருந்திருக்கிறார்.

எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். அம்மா பீடி சுற்றியவர். மடியில் சுளவு (முறம்), பக்கத்தில் தொட்டில், தொட்டில் கயிறு கால் விரலில். கை இலையைச் சுருட்டும், கால் பிள்ளையை ஆட்டும். பீடிக் கூலிக் கணக்கு எழுதும் பாஸ் புத்தகம் அம்மா பெயரில்தான், வீட்டுச் செலவில் பாதி அந்தக் காசில்தான் ஓடியது. அப்பா கேரளத்தில் பலசரக்குக் கடையில் நின்றார், கோயில் கொடைத் திருவிழாவுக்குத்தான் வருவார். அவரை நான் குறை சொல்லவில்லை, அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் ஆண் சம்பாதிப்பது, பெண் பிள்ளை வளர்ப்பது என்பது எங்கள் பக்கத்தில் என்றைக்குமே முழு உண்மை இல்லை. பெண்கள் இரண்டையும் ஒரே பாயில் உட்கார்ந்து செய்தார்கள்.

சட்டமும் பாரத்தைப் பெண் மேல்தான் வைத்தது. 1956-ஆம் வருடத்து இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் இயற்கைக் காப்பாளர், அதாவது வயது வராத பிள்ளையின் சார்பில் முடிவெடுப்பவர், என்று அப்பாவை முதலில் வைத்து, அவருக்குப் பின் அம்மா என்றது. ஐந்து வயது முடியாத பிள்ளை பொதுவாக அம்மாவிடம் இருக்கட்டும் என்றது. பட்டம் ஒருவருக்கு, ராத்திரி முழிப்பு இன்னொருவருக்கு. 1999-ல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் போட்ட வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், 'பின்' என்பதற்கு அப்பா இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டியதில்லை என்றது. பிரிந்த பெற்றோர் பிள்ளையைச் சேர்ந்து வளர்க்க வழி வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015-ல் தன் 257-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தமிழ்நாட்டில் அரசு ஊழியரான அம்மாவுக்கு 2021-லிருந்து 12 மாதம். தனியார் வேலையில் இருக்கும் அப்பாவுக்கு ஒரு நாள்கூடக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இல்லை. அப்புறம் அப்பா ஏன் ஒதுங்குகிறார் என்று கேட்கிறார்கள்.

       

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மனைவி வேலைக்குத் திரும்பும் நாள்வரை காத்திருக்காதீர்கள். அவர் வீட்டில் இருக்கும்போதே ஒரு வேளைப் பாலை நீங்கள் கொடுக்க ஆரம்பியுங்கள், பிள்ளைக்கு உங்கள் கை பழக வேண்டும். எடுத்த பாலை நம் ஊர் வெயிலில் வெளியே வைக்காதீர்கள், உடனே ஃபிரிட்ஜில், கதவுப் பக்கம் இல்லாமல் உள்ளே தள்ளி வையுங்கள். அடுப்பில் காய்ச்சக் கூடாது, வெந்நீர்க் கிண்ணத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். பாலாடையைக் கொதிநீரில் போட்டு எடுங்கள். தடுப்பூசிக்கு நீங்களே தூக்கிப் போங்கள், அட்டை உங்கள் பையில் இருக்கட்டும். "அம்மா வரலையா?" என்று கேட்பார்கள். "நான்தான் பார்த்துக்கிடுதேன், என்ன கேக்கணுமோ என்கிட்ட கேளுங்க" என்று சொல்லுங்கள்.