அந்தப் பாதி மாத்திரை

கேள்வி: பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் அப்பா தனியாக இருக்கிறார். வயது 71, பிரஷர் உண்டு. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். டார்க் சாக்லேட் இதயத்துக்கு நல்லது என்பதால் 85 சதவீத பார் மாதாமாதம் அனுப்புகிறேன். தலை சுற்றுகிறது என்று அவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் போடுகிறார். ஒரு நாளைக்கு எத்தனை துண்டு சாப்பிடலாம்? எங்கள் தோப்பிலேயே கோகோ இருக்கிறது, அந்தக் கொட்டையையும் சாப்பிடலாமா?

பதில்: தம்பி, பாதியாக உடைக்கச் சொன்னது யார்? டாக்டர் சொல்லியிருந்தால் எழுதியிருப்பீர்கள். பெரியவர் தானாக உடைக்கிறார், உங்களுக்கும் அது தெரியும், தெரிந்தும் துண்டுக் கணக்கு கேட்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

பிரஷர் மாத்திரையில் சில வகை, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க விடும்படி செய்தவை. அவற்றை உடைத்தால் மருந்து மொத்தமாக இறங்கிவிடும். அப்போதும் தலை சுற்றும். அப்பா போடுவது எந்த வகை? அட்டையில் என்ன பெயர் இருக்கிறது? தெரியாதென்றால் இதைப் படித்து முடித்ததும் போன் போட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, சாக்லேட். கோகோவில் இருக்கும் ஃபிளவனால் என்ற பொருள் ரத்தக் குழாயைத் தளர்த்தும், உண்மைதான். 2017இல் 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பிரஷர் குறைந்தது சராசரியாக 2 புள்ளிகூட இல்லை. ஒரு மாத்திரை சாதாரணமாக எட்டு, ஒன்பது புள்ளி குறைக்கும். 2022இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் 21,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அதில் கொடுத்ததும் கோகோச் சாறு அடைத்த மாத்திரைதான், பார் கிடையாது. பாரில் 85 என்று போட்டிருந்தாலும் ஃபிளவனால் எவ்வளவு மிச்சம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. புளிக்க வைக்கும்போதும் வறுக்கும்போதும் நிறையப் போய்விடும். 100 கிராமில் 600 கலோரி வேறு. ஆசைக்கு ஒரு சின்னத் துண்டு போதும். தோப்புக் காயை உடைத்தால் கொட்டையைச் சுற்றி வெள்ளையாக இருக்குமே, அந்தச் சதையைச் சப்பட்டும், நல்ல ருசி. பச்சைக் கொட்டை கசக்கும், மருந்தென்று மெல்ல வேண்டாம்.

வயதான தகப்பனைப் பார்சலில் பார்த்துக்கொள்ள முடியாது. பெற்ற பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, "எப்போப்பா சுத்துது? படுத்து எந்திரிக்கும்போதா?" என்று கேட்க வேண்டும். போனில் கேட்டால் "ஒண்ணுமில்லடா" என்றுதான் சொல்வார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது கோயம்புத்தூர். அங்கிருந்து கொழிஞ்சாம்பாறை எவ்வளவு தூரம்? சனிக்கிழமை மாத்திரை அட்டையோடு அவரை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். உட்கார வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். பாதி மாத்திரை விஷயத்தை அப்பா சொல்ல மாட்டார், நீங்கள் சொல்லுங்கள்.